ஒரே மூச்சாய்ப் பாடுவோம்

(நமது மருத்துவமனையின் ஆதரவாளர்களும் சபைப் பாடகர் குழுவினரும் பத்மநாபபுரத்தில் கூடிவந்தபோது, மருத்துவமனைச் சிற்றாலயப் போதகர் ஆற்றிய உரை. வர இயலாத ஆதரவாளர்களின் நலனுக்காக இங்கே அச்சிடப்படுகிறது.)



மழையையும் பாராமல் வந்திருக்கிறீர்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இப்படிப்பட்ட கூட்டங்களில் வழக்கமாக நாங்கள் உங்களிடம் கணக்குச் சொல்லுவோம். எந்த வார்டுக்குக் கூரை மாற்றினோம், எந்தக் கருவி பழுதாகிவிட்டது, ஏழை நோயாளிகளின் நிதிக்கு இன்னும் எவ்வளவு தேவை என்று சொல்லி, உங்கள் ஜெபத்தையும் காணிக்கையையும் கேட்போம். அந்தக் கணக்கைப் பொருளாளர் உங்கள் கையில் தந்திருக்கிறார். நான் கேட்க வந்திருப்பது வேறு ஒன்று. பணத்தால் வாங்க முடியாதது அது. உங்கள் குரலைக் கேட்டு வந்திருக்கிறேன்.

நம் மருத்துவமனை வார்டுகளில் காலை வேளையில் பாடும் பழக்கம் பல தலைமுறைகளாக இருந்து வருகிறது. நர்சிங் மாணவியரும், ஊழியரும், பக்கத்துச் சபைகளின் பாடகரும் சேர்ந்து நின்று பாடுவார்கள். இப்போது அந்தக் குழுவில் நாலு பேர் மீந்திருக்கிறோம். நால்வரும் தலை நரைத்தவர்கள். "ஒரு ஸ்பீக்கர் வாங்கி வைத்துவிட்டால் போதாதா, ஐயா? நல்ல பாட்டாகப் போட்டுவிடலாமே" என்று நல்லெண்ணத்தோடு கேட்கிறார்கள். ஏன் போதாது என்று சொல்லத்தான் இந்த உரை.

பாட்டு நிறைந்த ஊர்

நாம் கூடியிருக்கும் பத்மநாபபுரம் பழைய திருவிதாங்கூரின் தலைநகரம். 18ஆம் நூற்றாண்டின் கடைசி வரை ராஜாக்கள் இந்தக் கோட்டைக்குள் இருந்துதான் நாட்டை ஆண்டார்கள். மரத்தால் இழைத்த அரண்மனையைப் பார்க்க இன்றைக்கும் உலகத்தின் பல பக்கங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நவராத்திரி வந்தால் இங்கிருந்து சரஸ்வதி விக்கிரகம் திருவனந்தபுரத்துக்குப் பவனியாகப் போகிறது. அங்கே சங்கீதக் கச்சேரிகள் நடக்கின்றன. இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் தக்கலை. அங்கே பீர்முகமது அப்பா என்னும் ஞானக் கவிஞர் அடக்கமான தர்கா இருக்கிறது. ஆண்டுதோறும் ஓர் இரவில் இஸ்லாமிய சகோதரர்கள் அவருடைய ஞானப்புகழ்ச்சியைக் கூட்டமாக இருந்து பாடுகிறார்கள். அரபியில் அல்ல, தமிழில் பாடுகிறார்கள். நம் சபைகளிலோ மார்கழிக் குளிரில் சிறு பிள்ளைகள் முதல் பாட்டிமார் வரை லாந்தர் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் பஜனைக்குப் போன நாட்களை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆக, சேர்ந்து பாடுவதை இந்த மண்ணுக்கு யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து கற்றுக்கொடுக்கவில்லை. வயலில் நாற்று நட்ட பெண்கள் ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடினார்கள். குனிந்த முதுகின் வலி அந்தப் பாட்டில் பாதியாகக் குறைந்தது. மிஷனெரிமார் இங்கே வந்தபோது பாடத் தெரிந்த ஜனங்களையே கண்டார்கள்.

தலை நிமிர்த்திய பாட்டு

ஆனால் அந்த ஜனங்கள் எந்த நிலைமையில் இருந்தார்கள் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. ரிங்கல்தௌபே ஐயர் 1806ஆம் ஆண்டு மயிலாடிக்கு வந்தபோது, இந்த நாட்டில் நம் முன்னோரில் பெரும்பாலோர் பொது வழியில் இஷ்டம்போல் நடக்க முடியாது. மேல்சாதியார் எனப்பட்டவர்களிடமிருந்து இத்தனை அடி தூரத்தில் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு இருந்தது. அடிமைகள் விலைக்கு விற்கப்பட்டார்கள்; 1855ஆம் ஆண்டில்தான் ராஜ விளம்பரத்தின் மூலம் அடிமைத்தனம் முற்றாக ஒழிந்தது. பெண்கள் மார்பை மறைத்து உடுத்துவதற்கே ஒரு நீண்ட போராட்டம் தேவைப்பட்டது. அந்த அனுமதி 1859இல் கிடைத்தது. நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கோட்டையின் கோவில்கள் எல்லாருக்கும் திறந்தது 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி வெளியான ஆலயப் பிரவேச விளம்பரத்துக்குப் பின்புதான்.

யோசித்துப் பாருங்கள். நாளெல்லாம் குரலைத் தாழ்த்தி, உடம்பைக் கூனி நின்ற ஒரு மனுஷன். ஓய்வுநாள் காலையில் ஓர் ஓலைக் கூரையின் கீழே நூறு பேரோடு நிமிர்ந்து நின்று, வாயைத் திறந்து, தன் சத்துவத்தோடெல்லாம் பாடுகிறான். பாடுவதற்கு நெஞ்சு விரிய வேண்டும். நெஞ்சு விரியத் தலை நிமிர வேண்டும். கூனிக்கொண்டு பாட முடியாது. பிரசங்கம் அவனுக்கு ஒரு தேவனைப் பற்றிச் சொன்னது. பாட்டோ அவனை அந்தத் தேவனுக்கு முன்பாக நிமிர்ந்து நிற்கச் செய்தது. ஆலயத்துக்குள்ளும் சாதி வேற்றுமை ஒரே நாளில் ஒழிந்துபோகவில்லை. அது நமக்குத் தெரியும். ஆனாலும் ஒரே ராகத்தை ஒரே நேரத்தில் பாடுகிற ஜனங்கள் அந்த ஐந்து நிமிஷமாவது ஒரே ஜனமாக இருந்தார்கள். அதை ருசி பார்த்தவன் திரும்பவும் அதைத் தேடாமல் இருக்க மாட்டான்.

அந்தப் பாட்டுகள் நம்முடைய பாட்டுகளாகவே இருந்தன என்பதும் கர்த்தருடைய தயவு. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) கீர்த்தனைகளும் குறவஞ்சியும் எழுதினார். மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். நம் மயிலாடியில் பிறந்த ஜான் பால்மர் (1812-1883) கிறிஸ்தாயனம் என்னும் காவியத்தையும் பல கீர்த்தனைகளையும் தந்தார். மறுபக்கத்தில் இங்கிலாந்திலிருந்து நான்கு குரல் பாட்டு வந்தது. ஜான் கர்வன் என்ற போதகர் பரப்பிய சோல்ஃபா முறை, சங்கீதம் படிக்காத ஏழைத் தொழிலாளிகளும் சுரம் பார்த்துப் பாடும்படி உண்டாக்கப்பட்டது. அந்த முறையைப் படித்த நம் பழைய பாடகர்களுக்குக் கோடு போட்ட சங்கீதப் புத்தகம் தேவைப்படவில்லை. ட, ர, ம என்று எழுதிய ஒரு தாள் போதும், டெனரும் பாஸும் தானாக வந்துவிடும். இப்படி இரண்டு நதிகள் நம் சபைகளில் ஒன்றாகச் சேர்ந்தன.

மூச்சுத் திணறிய ஒரு மருத்துவர்

இனி மருத்துவமனைக்கு வருகிறேன். இந்தப் பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில்தான் நெய்யூர் இருக்கிறது. 1838ஆம் ஆண்டு டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே அங்கே மருத்துவ ஊழியத்தைத் தொடங்கினார். 1852இல் வந்த டாக்டர் லீட்ச் இரண்டே வருஷத்தில் கடலில் மூழ்கி மரித்தார். அதற்குப் பிறகும் ஊழியம் நிற்கவில்லை. நம் மாவட்டத்தின் மிஷன் மருத்துவமனைகளுக்கெல்லாம் நெய்யூர் ஒரு தாய் வீடு.

அங்கே பணிசெய்தவர்களில் டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல்லைப் பற்றி உங்களில் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1890இல் இங்கிலாந்தில் பிறந்தவர். முதலாம் உலக யுத்தத்தில் 1916ஆம் ஆண்டு ஸோம் போர்க்களத்தில் அறுவை சிகிச்சை செய்தவர். காயம்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில் தரையில் கிடந்ததை அவர் கண்கள் கண்டன. பின்பு 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிப் போன குழுக்களில் இருந்தார். படம் வரைவார். சங்கீதம் நன்றாகத் தெரியும். 1922 பயணத்தில் திபெத்திய மக்கள் பாடிய பாட்டுகளைக் காது கொடுத்துக் கேட்டுச் சுரப்படுத்தி எழுதிக்கொண்டார். அந்தப் பயணத்தைப் பற்றிய திரைப்படத்தோடு அந்த ராகங்களும் இங்கிலாந்தில் ஒலித்தன. சிகரத்தை ஜெயிக்கப் போன ஒருவர், அந்த மலையடியில் வாழ்ந்த ஜனங்களின் பாட்டைக் கேட்கவும் நின்றார்.

அந்த 1922ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் தேதி பனிச்சரிவில் ஏழு சுமைகாரர்கள் மாண்டுபோனார்கள். எல்லாரும் உள்ளூர் மனிதர்கள். வெள்ளைக்காரர் ஒருவரும் சாகவில்லை. அது சோமர்வெல்லின் மனதை அறுத்தது. தங்களில் ஒருவராவது அவர்களோடு அந்த விதியில் பங்குபெற்றிருக்கக் கூடாதா என்று வேதனைப்பட்டார். பிறகு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவர் நெய்யூருக்கு வந்தார். அங்கே டாக்டர் பியூ என்ற ஒரே அறுவை மருத்துவர்; வாசலிலோ முடிவில்லாத நோயாளிக் கூட்டம். லண்டனில் காத்திருந்த நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு இங்கேயே ஊழியம் செய்யத் தீர்மானித்தார். இடையில் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போய் வந்தார். 1949 வரை நெய்யூர். அதன்பின் 1961 வரை வேலூர் மருத்துவக் கல்லூரி.

1924 ஜூன் 4ஆம் தேதி நடந்ததைக் கேளுங்கள். சோமர்வெல்லும் நார்ட்டனும் பிராணவாயு சிலிண்டர் இல்லாமல் ஏறக்குறைய 28,000 அடி உயரத்தை எட்டினார்கள். குளிர்ந்த உலர்ந்த காற்றால் சோமர்வெல்லின் தொண்டை வெந்து புண்ணாகியிருந்தது. இறங்கி வரும்போது தொண்டையின் உட்தோல் பெயர்ந்து மூச்சுக்குழாயை அடைத்துக்கொண்டது. மூச்சும் இல்லை, கூப்பிடக் குரலும் இல்லை. முன்னே போன நார்ட்டனோ இவர் படம் வரைய நின்றிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். சாவதற்கென்றே பனியில் உட்கார்ந்த சோமர்வெல், கடைசியாக ஒருமுறை இரண்டு கைகளாலும் தன் மார்பை அழுத்தினார். அடைப்பு இரத்தத்தோடு வெளியே வந்தது. மூச்சு திரும்பியது.

அன்பானவர்களே, மூச்சு என்பது என்ன என்று அந்த மனுஷனுக்குத் தெரியும். வேறொருவன் பார்க்காத தூரத்தில் குரலில்லாமல் தவிப்பது என்ன என்றும் அவருக்குத் தெரியும். நம் வார்டுகளில் அப்படி உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர்! முன்னே போகிறவர்கள் இவர் ஏதோ வேலையாக நிற்கிறார் என்று எண்ணிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

மருத்துவம் சொல்வது

பாட்டு மனதுக்கு ஆறுதல், அது சரி; மருத்துவமனையில் அதற்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு மருத்துவர்களே பதில் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

சுவீடன் தேசத்தின் கோத்தன்பர்க் நகரத்தில் பியோர்ன் விக்ஹாஃப் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இளம் பாடகர்களைச் சேர்ந்து பாட வைத்து அவர்கள் இருதயத் துடிப்பை அளந்தார்கள். எல்லாரும் ஒரே பாட்டை ஒரே அளவில் பாடும்போது, அவர்களுடைய இருதயத் துடிப்பு கூடுவதும் குறைவதும் ஒன்றோடொன்று இசைந்துபோனது. காரணம் எளிது. பாட்டின் ஒரு வரியைப் பாட நீளமாக மூச்சை விடுகிறோம். வரி முடிந்ததும் சட்டென்று இழுத்துக்கொள்கிறோம். மூச்சை மெதுவாக விடும்போது இருதயத்தை நிதானப்படுத்தும் நரம்பு வேலை செய்கிறது. எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் எல்லாருடைய இருதயமும் ஒரே நடையில் போகிறது. சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தபோது பாடகரும் பூரிகை ஊதுகிறவர்களும் ஒரே சத்தமாய் ஒலித்தார்கள் என்றும், அப்பொழுதுதான் ஆலயம் மேகத்தால் நிறைந்தது என்றும் இரண்டாம் நாளாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஏகசத்தம் என்பது காதுக்கு மட்டும் உரிய காரியம் அல்ல.

இங்கிலாந்தில் 2015இல் வெளியான மற்றொரு ஆய்வு. ஒருவரையொருவர் அறியாதவர்கள் சிலர் பாட்டு வகுப்பிலும், சிலர் கைவேலை வகுப்பிலும், சிலர் கதை எழுதும் வகுப்பிலும் சேர்ந்தார்கள். ஏழு மாதம் போனபின் எல்லா வகுப்பிலும் ஒட்டுறவு உண்டாயிருந்தது. ஆனால் பாட்டு வகுப்பில் அது மற்றவர்களைக் காட்டிலும் சீக்கிரமாக, தொடக்கத்திலேயே உண்டாகிவிட்டது. மருத்துவமனையில் இது எவ்வளவு முக்கியம்! எங்கள் நோயாளிகள் எங்களோடு ஏழு மாதம் இருப்பதில்லை. பலர் ஏழு நாள்கூட இருப்பதில்லை. சீக்கிரமாக அந்நியம் போக வேண்டிய இடம் அது.

பக்கவாதத்தால் மூளையின் இடது பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சை இழந்தவர்கள் சிலரால் பாட முடிகிறது. இதை நெடுங்காலமாக மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். 1973இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், ராகத்தின் மூலமாகப் பேச்சைத் திரும்பப் பழக்கும் சிகிச்சை முறையாகவே அதை வகுத்தார்கள். நான் மருத்துவன் அல்ல. ஆனாலும் கண்ணால் கண்டதைச் சொல்லலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் வார்டில் மூன்று வாரம் ஒரு வார்த்தையும் பேசாமல் கிடந்தார். வாய் அசையும், சொல் வராது, கண்ணீர் வரும். ஒரு காலையில் நாங்கள் அவர் சிறுவயதிலிருந்து அறிந்த ஒரு கீர்த்தனையின் பல்லவியைப் பாடினோம். இரண்டாம் முறை திரும்பி வந்தபோது அவரும் பாடினார். வார்த்தைகளோடு பாடினார். அவர் மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்கள். அதற்குப்பின் அவர் பழையபடி பேசினார் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு அற்புதம் நடக்கவில்லை. ஆனால் அந்தப் பல்லவியை வைத்துக்கொண்டு எங்கள் பயிற்சியாளர் வேலையைத் தொடங்கினார். வீட்டுக்குப் போகும்போது மனைவியின் பெயரைச் சொல்லக் கற்றிருந்தார்.

இதையெல்லாம் ஸ்பீக்கர் செய்யுமா? ஸ்பீக்கர் பாடும், ஆனால் கேட்காது. நோயாளியின் மூச்சுக்காக அது காத்திருக்காது. அவர் பின்தங்கினால் தானும் தாமதிக்காது.

சிருஷ்டியின் பாடகர் குழு

நூற்று நாற்பத்தெட்டாம் சங்கீதத்தை வீட்டுக்குப் போய் வாசித்துப் பாருங்கள். அங்கே சூரியனும் சந்திரனும் பாட அழைக்கப்படுகின்றன. மழையும் காற்றும், மலைகளும் கனிமரங்களும், பறவைகளும் காட்டு மிருகங்களும் வரிசையாக வருகின்றன. ராஜாக்களும் வாலிபரும் கன்னிகைகளும் முதியவர்களும் பிள்ளைகளும் கடைசியில்தான் வந்து சேருகிறார்கள். நாம் வருமுன்னே கச்சேரி தொடங்கிவிட்டது. நமக்கு அதில் ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

நாஞ்சில் நாட்டு வயலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைந்த அந்த ஏலாக்களில் மழை பெய்த இரவில் தவளைகள் பாடும் சத்தம் ஊரை நிறைக்கும். சிறு தவளை உயர்ந்த குரலில், பெரிய தவளை தாழ்ந்த குரலில். அதற்கு மேலே சீவண்டுகள். பல வகைத் தவளைகள் பக்கத்துத் தவளையின் குரலுக்கு இடம் விட்டு, மாறி மாறிக் குரல் கொடுக்கின்றன என்று ஆராய்ச்சியாளர் சொல்லுகிறார்கள். காடுகளின் ஒலியைப் பல ஆண்டுகள் பதிவு செய்த பெர்னி க்ரௌஸ் என்னும் அமெரிக்கர், கெடாத ஒரு காட்டில் ஒவ்வொரு ஜீவனும் தனக்கென்று ஒரு சுர இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றின் குரலை ஒன்று மறைக்காமல் பாடுகிறது என்று விளக்கினார். காடு வெட்டப்பட்ட இடத்தில் முதலில் காலியாவது இந்த ஒலி ஒழுங்குதான் என்றும் காட்டினார். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று நாம் பிரித்து நிற்பதற்கு முன்பே சிருஷ்டிகர் அப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்.

நம் மாவட்டத்தில் இப்போது அந்த வயல்கள் எத்தனை மிச்சம் இருக்கின்றன? வயல் வாழைத் தோட்டமாகி, தோட்டம் வீட்டு மனையாகிவிட்டது. நாற்று நடுகிற பாட்டும் தவளைப் பாட்டும் ஒரே வயலை விட்டுச் சேர்ந்தே போய்விட்டன. மலைகளைக் கல்லுக்காக உடைக்கிறார்கள். 2008இல் நம் மாவட்டத்துக் காடுகளில் 402 சதுர கிலோமீட்டரை வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்காக நன்றி செலுத்துவோம். ஆனால் சிருஷ்டி முழுவதும் ஏகமாய்த் தவிக்கிறது என்று பவுல் ரோமருக்கு எழுதியதை அறிய நாம் தூரம் போக வேண்டியதில்லை. கடலும் நம்மிடம் பேசியிருக்கிறது: 2004 டிசம்பர் 26இல் சுனாமி, 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல். அந்த நாட்களில் கடற்கரை ஆலயங்களில் துக்கப் பாட்டைத் தனியாகப் பாட யாராலும் முடியவில்லை. ஒருவருக்குக் குரல் உடைந்தபோது பக்கத்தில் நின்றவர் எடுத்துப் பாடினார். கூட்டமாகப் பாடுவதன் பெரிய நன்மையே அதுதான். அழுகிறவன் சற்று நிறுத்திக்கொள்ளலாம், பாட்டு நிற்காது.

ஒரு சிறு காரியத்தைச் சொல்லி இந்தப் பகுதியை முடிக்கிறேன். பெண்கள் வார்டில் மலையடிவாரத்து முதியவர் ஒருவர் இருந்தார்கள். இந்து சகோதரி. புற்றுநோய்; மருத்துவர்கள் வலியைக் குறைப்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய இயலாத நிலை. நாங்கள் பாடப் போனபோது வெளியே நல்ல மழை. சாரல் அடிக்கிறதென்று ஜன்னலை மூடி வைத்திருந்தோம். அந்த அம்மா நர்சிங் மாணவியரைப் பார்த்து, "அந்தச் சன்னலைத் தொறந்துட்டுப் பாடுங்க மக்களே, மழையும் கேக்கணும், பாட்டும் கேக்கணும்" என்றார்கள். திறந்தோம். வேளிமலைப் பக்கத்திலிருந்து ஈரக்காற்று உள்ளே வந்தது. பிள்ளைகள் மழைச் சத்தத்துக்கு ஏற்பக் குரலைத் தாழ்த்தி, மெதுவாகப் பாடினார்கள். "இன்னொருக்கா" என்றார்கள். மூன்று முறை பாடினோம். அன்று முதல் சாரல் அதிகம் இல்லாவிட்டால் ஜன்னலைத் திறந்து வைத்தே பாடுகிறோம்.

சத்தமும் பாட்டும்

கசப்பான ஒரு காரியத்தையும் சொல்லாமல் விடலாகாது. பாட்டு எப்போதும் ஜனங்களைச் சேர்த்து வைக்கும் என்று சொல்ல முடியாது. கம்பத்தின் உச்சியில் கூம்புக் குழாயைக் கட்டி, அடுத்த ஆலயத்தின் சத்தத்தை அமுக்க நம் சத்தத்தைக் கூட்டினால், அது பாட்டல்ல, போர். இந்த மாவட்டம் 1982ஆம் ஆண்டு மண்டைக்காட்டில் தொடங்கிய கலவரத்தைக் கண்டது. இந்துக்களும் கிறிஸ்தவர்களுமாக உயிர்களை இழந்தோம், வீடுகளை இழந்தோம், அதைவிட ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த நம்பிக்கையை இழந்தோம். குன்றக்குடி அடிகளார் போன்ற பெரியவர்கள் வந்து சமாதானத்துக்காகப் பாடுபட்டார்கள். அந்தக் காயத்தின் தழும்பு இன்னும் இருக்கிறது.

ஆகவே ஒன்றைச் சொல்லுகிறேன். ஒலிபெருக்கியில் பாடுகிறவனுக்குத் தன் குரல் மட்டுமே கேட்கும். குழுவில் பாடுகிறவன் பக்கத்தில் நிற்பவரின் குரலைக் கேட்டுத் தன் குரலை அதற்குக் கீழே வைக்கிறான். நல்ல பாடகர் குழு என்பது நன்றாகக் கேட்கிற குழு. பிறர் நம்மைக் காட்டிலும் மேன்மையானவர் என்று எண்ணும்படி பிலிப்பியருக்குச் சொல்லப்பட்ட புத்தியை எந்தப் பள்ளிக்கூடத்தைவிடவும் டெனர் வரிசை நன்றாகக் கற்றுக்கொடுக்கும்.

பவுலும் சீலாவும் பிலிப்பி சிறைச்சாலையில் நடு இராத்திரியில் பாடியபோது, மற்றக் கைதிகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் எழுதியிருக்கிறது. அங்கே மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. முதுகெல்லாம் காயம். பூமியதிர்ச்சி வந்து கதவுகள் திறந்தபோதும் ஒரு கைதியும் ஓடிப்போகவில்லை. ஏன் ஓடவில்லை என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்தப் பாட்டு அவர்களை அதற்குள் ஒரு குடும்பமாக்கியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

உங்களிடம் கேட்பது

இனி என் விண்ணப்பத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு சபைப் பாடகர் குழுவும் மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் எங்களுக்குத் தாருங்கள். பத்துச் சபைகள் முறை வைத்துக்கொண்டால் ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு மூன்று வார்டுகளில் பாடிவிடலாம். வருகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில:

1. குரல் நன்றாக இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. பக்கத்தில் நிற்பவரைக் கேட்கத் தெரிந்தால் போதும். இளைஞரையும் பிள்ளைகளையும் பெரியவர்களோடு சேர்த்து அழைத்து வாருங்கள்.

2. சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் அன்று வரவேண்டாம். இது வெறும் சடங்கான எச்சரிக்கை அல்ல. 2020 மார்ச் 10ஆம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு ஒத்திகைக்குக் கூடியது. வந்த 61 பேரில் 53 பேர் கொரோனா நோய்க்கு ஆளானார்கள், இருவர் மரித்தார்கள். நாம் ஒன்றாய் விடும் மூச்சு ஆசீர்வாதத்தையும் சுமக்கும், கிருமியையும் சுமக்கும். ஆகையால் ஜன்னல்கள் திறந்திருக்கும் வார்டுகளிலும் வராந்தாவிலும் மட்டுமே பாடுவோம். காசநோய்ப் பிரிவுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் போகமாட்டோம். நர்ஸ் சொல்லும் இடத்தில் முகக்கவசம் அணிவோம்.

3. ஒலிபெருக்கி வேண்டாம், கீபோர்டு வேண்டாம். வேண்டுமானால் ஒரு சிறிய சுருதிப்பெட்டி போதும்.

4. நோயாளியிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும். வேண்டாம் என்று ஒருவர் தலையசைத்தால் அந்த அறையில் பாடக்கூடாது. அவர் எந்த மதத்தவராயிருந்தாலும் நம் விருந்தாளி. பாட்டைக் காட்டி நாம் யாரையும் வலையில் பிடிக்கப் போகிறதில்லை. கர்த்தர் நமக்குச் செய்த நன்மைக்காக நன்றி செலுத்தப் போகிறோம்.

5. மூச்சு நோயாளிகள் கூடப் பாட விரும்பினால் மருத்துவரின் யோசனைப்படி மெதுவாகப் பாடட்டும். இங்கிலாந்தில் அப்படிப்பட்டவர்களுக்கென்றே பாட்டு வகுப்புகள் நடக்கின்றன. ஆனால் பாட்டு மருந்துக்குப் பதில் அல்ல; மாத்திரையையும் இன்ஹேலரையும் யாரும் நிறுத்தக் கூடாது.

தூரத்திலிருந்து இந்தச் செய்தி மடலை வாசிக்கும் ஆதரவாளர்களே, நீங்கள் நேரில் வர முடியாது என்று எங்களுக்குத் தெரியும். நீங்கள் இருக்கும் ஊரிலும் ஒரு மருத்துவமனை இருக்கும். முதியோர் இல்லம் இருக்கும். உங்கள் சபையில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு அங்கே போங்கள். நீங்கள் அனுப்பும் காணிக்கையால் நாங்கள் மருந்து வாங்குகிறோம். அந்த மருந்தைத் தினமும் ஒருவர் கையில் கொடுக்கும்போது, கொடுக்கிறவர் முகத்தில் ஒரு பாட்டு மிச்சம் இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

நம் ஆண்டவர் பாடுபடுவதற்கு முந்தின இரவில், பந்தி முடிந்தபின் சீஷர்களோடு சேர்ந்து ஸ்தோத்திரப் பாட்டைப் பாடினார். பிறகு ஒலிவ மலைக்குப் புறப்பட்டுப் போனார். அவர் கூட்டமாய்ப் பாடினதாகச் சுவிசேஷத்தில் வெளிப்படையாய்ச் சொல்லப்பட்டிருப்பது அங்கேதான். அந்த இரவிலேயே தம்மை விட்டு ஓடிப்போகிறவர்கள் என்று அறிந்தும் அவர்களோடு சேர்ந்து பாடினார். பாடிவிட்டு மரங்களுக்கு நடுவே ஜெபிக்கப் போனார். அவர் பின்னால் நடக்கிற நமக்கு, மனிதரோடு சேர்ந்து பாடுவதும் அவர் படைத்த சிருஷ்டியின் நடுவே நிற்பதும் அந்நியமான காரியங்கள் அல்ல.

கர்த்தர்தாமே உங்கள் ஒவ்வொருவரையும், உங்கள் சபைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

ஜெபிப்போம்

* வார்டுகளில் பாட முன்வரும் குழுக்களுக்காகவும், அவர்களைப் பழக்கும் மூத்த பாடகர்களின் சுகத்துக்காகவும்.

* பேச்சையும் மூச்சையும் இழந்து தவிக்கும் நோயாளிகளுக்காகவும், இரவு பகலாய் அவர்கள் பக்கத்தில் இருக்கும் குடும்பத்தாருக்காகவும்.

* நம் மாவட்டத்தின் மலைகள், வயல்கள், கடல் ஆகியவை காக்கப்படும்படியாக. எல்லா மதத்தவரும் ஒருவரையொருவர் கேட்கும் செவியைப் பெறும்படியாக.